பட்டிமன்றத்துக்கு வந்த ஒராங்குட்டானும் பட்டைவால் மூக்கனும்

சிதம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளி அறிவியல் விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். ‘உடம்பைத் திறம்பட நடத்துவது ஒராங்குட்டானா, வலசை போகும் பட்டைவால் மூக்கன் பறவையா?’ என்பது தலைப்பு. ஒராங்குட்டான் அணி மூளையைப் பேசுகிறது, மூக்கன் அணி கிலோமீட்டரைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி?

ஒருவர் மூளையையும் இன்னொருவர் கிலோமீட்டரையும் பேசினால் நடுவர் பாடு திண்டாட்டம்தான். இரண்டுக்கும் பொதுவான நாணயம் கலோரி. எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது, வரவு இல்லாத நாளில் எதை எடுத்துச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். மூளையும் கிலோமீட்டரும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பறவையின் கணக்கை முதலில் போடுவோம். அலாஸ்காவில் குஞ்சு பொரித்து நியூசிலாந்துக்கு வலசை போகும் பட்டைவால் மூக்கன்களுக்கு நடுவில் பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. 1987 அக்டோபரில் அலாஸ்காவின் கோல்ட் பே பகுதியில் சில இளம் மூக்கன்கள் ரேடார் கூண்டில் மோதிச் செத்தன. பயணம் கிளம்பிய கையோடு மோதியவை அவை. புறப்படும் நேரத்தில் உடம்பு எப்படி இருக்கும் என்பதை அறுத்துப் பார்க்க அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தது. சராசரி எடை ஏறக்குறைய 370 கிராம். அதில் 200 கிராம் கொழுப்பு. பாதிக்கு மேல் எரிபொருள் என்று அர்த்தம்.

கிராமுக்கு 9 கலோரி வீதம் 200 கிராமுக்கு 1,800 கலோரி. (நாம் அன்றாடம் கலோரி என்று சொல்வதைத்தான் இங்கும் சொல்கிறோம், பாடப்புத்தகத்தில் அது கிலோகலோரி.) சட்னி, சாம்பார் சேர்க்காமல் முப்பது இட்லி.

இப்போது ஒராங்குட்டான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வளர்க்கப்பட்ட ஒராங்குட்டான்களுக்கு, ஐசோடோப்பால் அடையாளமிட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் அது குறையும் வேகத்தை வைத்து அன்றாடச் செலவை அளந்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 கலோரி, பெண்ணுக்குச் சுமார் 1,600. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மனிதரின் செலவைவிட இது கூடுதல் இல்லை. எடைக்கு இவ்வளவு குறைவாகச் செலவழிக்கும் பாலூட்டிகள் வெகு சில. தென்னமெரிக்காவின் ஸ்லாத் அதில் ஒன்று.

ஆக, ஆண் ஒராங்குட்டான் ஒரே நாளில் செலவழிப்பதைவிடக் குறைந்த எரிபொருளைச் சுமந்துகொண்டு அந்த இளம் மூக்கன்கள் பெருங்கடலைத் தாண்டக் கிளம்பின. இதைச் சொன்னால் அரங்கில் கைதட்டல் நிச்சயம். ஆனால் எதிரணி சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. யானைக்கும் எறும்புக்கும் மொத்தச் செலவை ஒப்பிட்டு என்ன பயன்? கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். அதையும் போடுங்கள். பயணம் சுமார் 9 நாள் என்று வைத்து 1,800 கலோரியைப் பிரித்தால் நாளுக்கு 200. புறப்படும்போது 370 கிராம், கொழுப்பு தீர்ந்தால் 170, நடுவாக 270 கிராம். அப்படியென்றால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 740 கலோரி. ஒராங்குட்டான் ஆணுக்கு 80 கிலோ என்று வைத்தால் கிலோவுக்கு 25. மூக்கன் எரிப்பது ஏறக்குறைய 30 மடங்கு. (பறவை தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும் கொஞ்சத்தை இந்தக் கணக்கில் விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு இது போதும்.)

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்ற பழமொழி ஒராங்குட்டான் அணிக்கு அப்படியே பொருந்தும். மூக்கனுக்கு வரவெல்லாம் ஒரு சேமிப்பு, சேமிப்பெல்லாம் ஒரே செலவு. எங்களைக் கேட்டால் தீர்ப்பு சொல்லும் முன் நடுவர் ஒன்றைக் கேட்க வேண்டும்: எந்த ஊரில், எந்தச் சாப்பாட்டை நம்பி? ஒராங்குட்டான் வாழும் போர்னியோக் காட்டில் மூக்கன் ஒரு வாரம் தாங்காது. அலாஸ்காவின் குளிரில் ஒராங்குட்டானும் அப்படித்தான்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மூக்கன் பதினோரு நாள் இறங்காமல் பறந்தது என்று படித்தேன். களைத்தால் கடல்மேல் உட்கார்ந்துகொள்ளலாமே? தண்ணீருக்கு என்ன செய்யும்?

நீங்கள் படித்தது ‘பி6’ என்ற குறியிட்ட பறவையைப் பற்றியதாக இருக்கும். 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவின் ஆன்சன்ஸ் விரிகுடாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள் 1 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 51 கிலோமீட்டர்தான். நம்மூர் விரைவுப் பேருந்து வேகம். அதன் வயது அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் 2007-ல் ‘இ7’ என்ற பெண் பறவை 11,680 கிலோமீட்டரை எட்டு நாளில் கடந்து நியூசிலாந்து சேர்ந்தபோதுதான் இப்படியும் ஒரு பயணம் உண்டு என்று உலகம் நம்பியது.

கடலில் உட்காருவது நடக்காத காரியம். வாத்தைப் போல் விரலிடைச் சவ்வு கிடையாது, இறகும் நெடுநேரம் நனையாமல் தாங்கும் வகை அல்ல. இறங்கினால் ஊறிப்போகும், மறுபடி எழும்ப முடியாது.

தண்ணீர்க் கணக்கு சுவாரசியமானது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் உடம்புக்குள் உண்டாகிறது. 200 கிராம் கொழுப்பு என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்பது நாளும். மாவுச்சத்திலோ புரதத்திலோ இந்தப் பயணத்தைப் போக முடியாததற்குக் காரணம் வேறு: அவை கிராமுக்கு 4 கலோரிதான் தரும், தசையிலும் ஈரலிலும் தண்ணீரோடு சேர்ந்துதான் தங்கும். தூக்கிப் பறக்கக் கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் செய்கிறது. கிளம்புவதற்கு முன் அரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்கிறது. வழியில் சாப்பாடு இல்லை என்றால் அடுப்பு எதற்கு? அந்த எடைக்கும் சேர்த்துக் கொழுப்பை ஏற்றிக்கொள்கிறது. அலூசியன் தீவுப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு கடந்துபோகும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றில் கிளம்புகிறது. தவறு நேர்ந்தால் இந்த இரண்டில்தான் நேரும்: கொழுப்பு போதாமல் கிளம்புவது, எதிர்க்காற்றில் மாட்டுவது. நடுக்கடலில் இரண்டுக்கும் பரிகாரம் இல்லை.

தூக்கத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பறக்கும் பறவையின் மூளை அலையை நேரடியாக அளந்தது கலாபகஸ் தீவுகளின் ஃப்ரிகேட் பறவையில்; 2016-ல் அது வெளியானது. பறக்கும்போது நாளொன்றுக்குச் சராசரி 42 நிமிடம், அதுவும் சில விநாடித் துண்டுகளாகத் தூங்குகிறது. சில சமயம் மூளையின் ஒரு பாதி மட்டும் தூங்கும், சில சமயம் இரண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ஒராங்குட்டான் சோம்பேறி என்கிறார்களே, சரியா? இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது?

சோம்பல் என்று சொல்பவர்கள் அந்தக் காட்டின் மளிகைக் கடையைப் பார்க்காதவர்கள். போர்னியோவின் பெருமரங்கள் நம் மாமரம்போல் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. டிப்டெரோகார்ப் என்ற பெருங்குடும்பத்து மரங்கள் பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் எல்லாம் சேர்ந்து காய்த்துத் தள்ளும். கூடவே மற்ற மரங்களும் காய்க்கும். போர்னியோவின் மேற்குக் கலிமந்தானில் குனுங் பாலுங் காட்டில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், அப்படிக் காய்த்த காலத்தில் பெண் ஒராங்குட்டான் நாளொன்றுக்குச் சுமார் 7,400 கலோரி தின்றது. பழம் கிடைக்காத காலத்தில் 1,800. பட்டை, இலை, கொட்டை என்று கிடைத்ததைக் கடித்து வந்த வரவு அது. மரமேறித் திரிந்து பிள்ளைக்குப் பாலும் கொடுக்கும் தாய்க்கு இது எப்படிப் போதும்?

போதவில்லை என்பதைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. ஒராங்குட்டான் விடிந்ததும் கூட்டில் இருந்தபடியே சிறுநீர் கழிக்கும். கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துச் சேகரித்து, சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்துவது போன்ற சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார்கள். பழம் கிடைக்காத காலத்தில் கீட்டோன் தெரிந்தது. உடம்பு தன் கொழுப்பையே கரைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆக, மூக்கனைப் போல ஒராங்குட்டானும் கொழுப்பைச் சேர்த்துச் செலவழிக்கும் பிராணிதான். ஒன்றுக்கு அது எட்டு ஒன்பது நாள் வேகம். மற்றதற்கு மாதக்கணக்கில் நீளும் பற்றாக்குறை. எப்போது தீரும் என்று தெரியாத பஞ்சத்துக்கு மெதுவாக எரியும் அடுப்புதான் தோது.

கை வேலையில் அது மந்தமில்லை. கூடு கட்டுவதைப் பாருங்கள். கிட்டத்தட்ட தினமும் மாலையில் ஒரு புதுக் கூடு, பத்து நிமிடத்துக்குள். உறுதியான கவட்டையில் நின்று, சுற்றியிருக்கும் தடித்த கிளைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் வளைக்கும். முறித்துத் துண்டாக்குவதில்லை, பச்சைக் கொம்பைப் பாதி முறித்து, நார் விடாமல் தொங்கவிட்டு ஒன்றோடொன்று பின்னும். இதுதான் கூட்டைத் தாங்கும் சட்டம். மெத்தைக்கு மட்டும் மெல்லிய கிளைகளை முழுதாக முறித்துப் போடும். மழை வந்தால் மேலே இலைக்கொத்துகளால் கூரை. எதைப் பாதி முறிக்க வேண்டும், எதை முழுதாக முறிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. சுமத்ராவில் கூடுகளைப் பிரித்துச் சோதித்தவர்கள் 2012-ல் இதை எழுதினார்கள். குட்டிக்கு இந்த வேலை கைவர மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை சட்டம் சரியாகப் பின்னாமல் மெத்தை கீழே வழுகும்.

சுமத்ராவின் சுவாக் பாலிம்பிங்கில் ‘ராகுஸ்’ என்ற ஆண், 2022-ல் முகத்தில் காயத்தோடு காணப்பட்டது. அக்கார் கூனிங் என்று அங்கே அழைக்கப்படும் கொடியின் இலையை மென்று, சாற்றைக் காயத்தில் திரும்பத் திரும்பத் தடவி, மென்ற சக்கையை மேலே அப்பிக்கொண்டது. அந்தக் கொடி அவ்வூர் நாட்டு மருத்துவத்திலும் உண்டு. நாம் குப்பைமேனியைக் கசக்கி வைப்பதில்லையா, அந்த வகை.

கோவையிலிருந்து ஒரு வாசகி: இரண்டில் அறிவாளி எது?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம்: யார் பிறக்கும்போதே கொண்டுவருகிறார், யார் கற்றுக்கொள்கிறார்? மூக்கன் குஞ்சு பொரித்த நாளே எழுந்து ஓடித் தானே இரை தேடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறக்கும். இளம் பறவைகள் பெரியவை கிளம்பிப்போன பிறகே பெரும்பாலும் புறப்படுகின்றன. தாய் தகப்பன் வழிகாட்டவில்லை. திசை உள்ளிருந்தே வருகிறது. ஒராங்குட்டான் குட்டியோ ஏழெட்டு ஆண்டு தாயை விட்டுப் பிரியாது. 200-க்கு மேற்பட்ட உணவு வகைகளில் எது எப்போது எங்கே பழுக்கும், எதை எப்படி உரிப்பது என்று தாயின் கையைப் பார்த்துப் படிக்கிறது. பற்களில் படிந்த பேரியத்தை வைத்துப் பார்த்ததில், சில குட்டிகள் எட்டு வயது தாண்டியும் பால் குடித்திருக்கின்றன.

வழித்திட்டம் மூக்கனுக்கு மட்டும் சொந்தமில்லை. கன்னச் சதை பெருத்த சுமத்ரா ஆண் ஒராங்குட்டான், மறுநாள் எந்தத் திசையில் போகப்போகிறதோ அந்தத் திசை நோக்கி முந்தின மாலையே நீண்ட குரல் கொடுக்கிறது. அது 2013-ல் வெளியான ஆய்வு. பெண்களுக்கும் போட்டி ஆண்களுக்கும் அது ஓர் அறிவிப்பு மாதிரி.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஏணி போட்டு ஒன்றை மேல்படியிலும் மற்றதைக் கீழ்ப்படியிலும் நிறுத்துவது. பாலூட்டி வரிசையும் பறவை வரிசையும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இன்றுவரை இரண்டும் தனித்தனியே ஓடி வந்தவை.

வேலூரிலிருந்து ஒரு வாசகர்: நம் நாட்டுக் காட்டில் ஒராங்குட்டான் உண்டா?

இல்லை. நம் நாட்டுக் காட்டில் இருக்கும் வாலில்லாக் குரங்கு வடகிழக்கின் ஹூலக் கிப்பன் மட்டுமே. அது சிறு வகை. ஆனால் ஒராங்குட்டானின் பழைய உறவு ஒன்று, சிவபிதிகஸ், இமயத்தின் அடிவாரச் சிவாலிக் குன்றுகளில் புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. ஒராங்குட்டான் என்ற பெயர் மலாய் மொழி: ஓராங் என்றால் ஆள், ஹூத்தான் என்றால் காடு. மலேசியத் தமிழர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்? பாமாயில் வாங்குவதை நிறுத்தினால் ஒராங்குட்டான் பிழைக்குமா?

ஒராங்குட்டானுக்குத்தான் அதிகம். போர்னியோ, சுமத்ரா, தபனூலி ஆகிய மூன்று இனங்களுமே அழிவின் விளிம்புப் பட்டியலில் உள்ளன. 2017-ல்தான் தனி இனமாக அறியப்பட்ட தபனூலி ஒராங்குட்டான் 800-க்கும் குறைவு. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. முதல் குட்டி சுமார் 15 வயதில், அடுத்தது ஏழெட்டு ஆண்டு கழித்து. 50 வயது வாழ்ந்தாலும் நாலைந்து குட்டிதான். காட்டை அழித்துப் போட்ட, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து குருத்தைத் தின்கிறது என்று ஒரு தாயைச் சுட்டால், அந்த இடத்தை நிரப்ப இன்னொரு தாய்க்குப் பல பத்தாண்டு வேண்டும். சிக்கனமாக வாழும் உயிர்களின் பலவீனம் இது: இழப்பை ஈடுகட்ட வேகம் கிடையாது.

மூக்கன் ஆண்டுக்கு நான்கு முட்டை இடும். அதன் பலவீனம் வேறு இடத்தில். நியூசிலாந்திலிருந்து வடக்கே திரும்பும்போது நேராக அலாஸ்கா போவதில்லை. மஞ்சள் கடலின் சேற்றுவெளியில் இறங்கி, ஐந்தாறு வாரம் புழுவும் நண்டும் தின்று மறுபடி கொழுப்பேற்றுகிறது. அங்கே ஐம்பது ஆண்டில் சேற்றுவெளியில் 65 சதவீதம் வரை காணாமல் போயிருக்கிறது. தென் கொரியாவின் சேமான்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி 2006-ல் அடைத்தார்கள். பெட்ரோல் பங்க்கை மூடிவிட்டால் வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தும் என்ன? ஆறுதலாக, 2019-ல் சீனக் கரையின் ஒரு பகுதியும் 2021-ல் கொரியாவின் சேற்றுவெளிகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

பாமாயிலை நிறுத்துவது பற்றி எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தரும். சோயாவில் அரை டன் தேறினாலே பெரிது. எல்லோரும் சோயாவுக்கு மாறினால் வேறெங்கோ அதைவிடப் பெரிய காடு போகும். உலகில் அதிகம் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. ரேஷன் கடைப் பாக்கெட்டில் மட்டுமல்ல, பிஸ்கட்டிலும் சோப்பிலும் அது இருக்கிறது. காட்டை அழிக்காமல் வளர்த்த எண்ணெய்க்கு ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரை உண்டு, குறை இருந்தாலும் இப்போதைக்குக் கைவசம் உள்ள அடையாளம் அதுதான். பிஸ்கட், சோப்பு நிறுவனங்களிடம் அதைக் கேட்டு எழுதுங்கள். சில்லறையில் அளந்து ஊற்றும் எண்ணெயில் எதுவும் தெரியாது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: கோடியக்கரையில் மூக்கனைப் பார்த்தேன் என்று நண்பர் படம் அனுப்புகிறார். அது பட்டைவாலா, கருவாலா?

பெரும்பாலும் கருவாலாக இருக்கும். நம் பக்கம் அதுதான் கூட்டமாக வரும். ஏரி, வயல் போன்ற நன்னீர் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பட்டைவால் கடலோரச் சேற்றை விட்டு உள்ளே வருவது அபூர்வம். கோடியக்கரை, மன்னார் வளைகுடாப் பக்கம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை சிறு எண்ணிக்கையில் கிடைக்கும். இங்கே வருபவை வட ருஷ்யாவில் குஞ்சு பொரிப்பவை. பசிபிக்கைக் கடக்கும் கூட்டம் அல்ல.

நிற்கும்போது அலகைப் பாருங்கள். கருவாலுக்கு நேரான அலகு. பட்டைவாலுக்கு நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், முதுகில் கோடு கோடாகத் தெரியும், கால் சற்றுக் குட்டை. அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது மூக்கனே அல்ல, கோட்டான் என்ற கரைப்பறவை வகை (ஆந்தை அல்ல). பறக்கும்போது சந்தேகமே இருக்காது: இறக்கையில் பட்டையாக வெள்ளைக் கோடும் கறுத்த வாலும் என்றால் கருவால், இறக்கை வெறுமனே இருந்து வாலில் குறுக்குப் பட்டை என்றால் பட்டைவால். அதனால் நண்பரிடம் நிற்கும் படத்தோடு, அது பறக்கும்போது எடுத்த படத்தையும் கேளுங்கள். படத்துக்காக விரட்டி எழுப்பச் சொல்லவில்லை.

நேரில் போனால் 8x42 இருநோக்கி கையில் இருக்கட்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர் வெயிலில் எல்லாக் கரைப்பறவையும் கறுப்பு நிழல்தான். வற்றம் தொடங்கும் முன் போய்ச் சேருங்கள். தண்ணீர் வற்றிவிட்டால் இரை தேடிச் சேற்றோடு வெகுதூரம் போய்விடும். கிட்டத்தில் சிக்கினால் அலகை மேல்வரை சேற்றில் இறக்கிவிட்டு நிற்பதைக் கவனியுங்கள். அலகின் நுனியில் தொடுவுணர்ச்சி அதிகம். புழுவின் அசைவு தட்டியதும், அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே விரித்துக் கவ்வும். வெளியே நமக்குத் தெரிவது, அது தலையைச் சற்றே சாய்ப்பது மட்டும்தான்.